ஐந்துக்கு ஐந்து

கயிறு ஐந்து மீட்டர். முளைக்குச்சி நான்கு.
கணினி உதிர்த்த எண் விழுந்தது
தலைஞாயிற்றுக்குத் தெற்கே,
கடைமடையின் கடைசி வாய்க்காலுக்கும் அப்பால் ஒரு வயலில்.

வாய்க்கால் என்பது பேர்தான்.
ஆடியில் வந்த நுரையை
அமிர்தகடேசன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.
அதற்குப் பிறகு அதில் வந்தது நண்டு மட்டும்.

சம்பா அறுவடைச் சோதனை.
அறுக்க வேண்டும், அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும்,
தராசில் வைக்க வேண்டும்.
கயிற்றுக்குள் நெல் பதினொரு தூர். அத்தனையும் சாவி.
மிச்சமெல்லாம்
யார் விதைத்தது என்று கேட்க முடியாத பச்சை.
உப்புப் பூத்த வெடிப்பெங்கும் உமரி.
மண்ணோடு படுத்த மூக்கிரட்டை.
வரப்புச் சரிவில் வெள்ளை வெள்ளையாய்ச் சிறுபூளை,
மடைக்கல்லைக் கட்டிப்பிடித்த பிரண்டை.
நெருஞ்சி மட்டும்
செருப்பைத் துளைத்துத் தன் பெயரைத் தானே சொன்னது.

மருத நிலம் என்று பரீட்சையில் எழுதி
ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான்.
இங்கே தண்ணீருக்கு முறை உண்டு.
அது முறை தவறிய வருடம்
பாலை தன் முறைக்கு வந்துவிடுகிறது.

குஞ்சிதம் கூடையோடு வந்து
கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தாள்.
“அரசாங்கக் கயிறும்மா.”
“அரசாங்கம் உமரி திங்குமா?”
விரல் நிற்கவில்லை. கொழுந்து, கொழுந்து, கொழுந்து.
ரெண்டு தண்ணி மாற்றி வேகவைத்து வடித்தால்
உப்பே போட வேண்டாத பொரியல்.
மூக்கிரட்டை அண்ணியின் கால் வீக்கத்துக்கு, மிளகு தட்டிப் போட்டு.
பூளை, யாருக்காவது நீர்க்கடுப்பு வந்தால்.
சாரணைக் கொடி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
தொடவில்லை.
“தங்கச்சி வந்திருக்கா. நாலு மாசம்.”
நெருஞ்சியைத் தனியாகக் கோணியில் சேர்த்தாள்:
திருத்துறைப்பூண்டி மருந்துக்கடையில்
காய்ந்தது கிலோ அறுபது.
நெல்லை விட ஜாஸ்தி என்று
சிரிக்காமல் சொன்னாள்.

அமிர்தகடேசன் வந்தது டீசல் கேனோடு.
“மேலேருந்து படம் எடுக்கிறானுங்க மேடம்.
பச்சையாத் தெரிஞ்சா பயிர் இருக்குன்னு அர்த்தமாம்.
போன வருஷம் கீழத்தெருவுக்கு அப்படித்தான் போச்சு.
கொளுத்திப்புடறேன்.
கருப்பாத் தெரியட்டும்.”
குஞ்சிதம் எழுந்திருக்கவில்லை.
“நாளைக்குக் கொளுத்துங்க.
இன்னைக்கு இது எங்க வீட்டுச் சோறு.”
“என் வயலு, குஞ்சிதம்.”
“நெல்லு இருந்தப்ப உங்க வயலுதான்.”

வெயில் கொஞ்ச நேரம் யார் பக்கமும் பேசவில்லை.
நடுவில் நான்,
ஒன்றும் வைக்காத தராசோடு.

மதியம் தூக்குவாளி மூடியில் எனக்கும் வந்தது
பழைய சோறு, உமரி, பிரண்டைத் துவையல்.
தொண்டையில் மெல்ல ஊறியது ஒரு அரிப்பு.
புளி குறைந்திருக்கிறது.
சொல்லவில்லை. இன்னொரு கை கேட்டு வாங்கினேன்.
அமிர்தகடேசன் கேன் மேலேயே உட்கார்ந்து
முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

உலர் எடை, நெல்: பூஜ்யம்.
குறிப்பு: தெரியும் பச்சை நெல் அல்ல, உமரி.
செயலி ஏற்கவில்லை.
பட்டியலில் உள்ளதைத் தேர்வு செய்க.
நெல் இருந்தது, உளுந்து இருந்தது, பருத்தி இருந்தது.
களை, தரிசு, இதர.
போனை வானத்துக்குத் தூக்கி
சிக்னலுக்காக வரப்பில் நடந்தேன்.
மேலிருந்து பார்ப்பவனுக்கு
நானும் ஒரு புள்ளி.
பச்சைச் சேலை வேறு.

‘இதர’ என்று அழுத்திவிட்டுத் திரும்பினால்
முளைக்குச்சி நான்கும் பிடுங்கியிருந்தன.
கயிற்றை இரண்டாய் மடித்துக்
கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.
“பத்தாது போல இருக்கு” என்றாள், என்னைப் பார்த்து.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
கேனைக் கீழே வைத்துவிட்டு
மறுமுனையை இழுத்து முடிந்தது அமிர்தகடேசன்.

அலுவலகத்தில் கயிறு எங்கே என்றார்கள்.
தொலைந்தது என்றேன்.
அதற்குப் பட்டியலில்
ஒரு குறியீடு இருந்தது.